தின்னர் போட்டுத் துடைத்த பொட்டு

அது சூரியன் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கோலசிலாங்கூர் மெலாவத்தி மலைமேல் நின்றால் கடலில் இறங்குவது தெரியுமே, அந்தச் சூரியனும் இல்லை, அதன் வெளிச்சம் தண்ணீரில் நீண்டு கிடப்பதும் இல்லை. அது குங்குமம். ஆயுதபூசை அன்று காலையில், பசியாறுவதற்கு முன்னால், என் மோதிர விரலால் நான் வைத்தது.

என் தம்பி பேஸ் கிட்டார் செய்கிறவன். சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி. இதற்கு நாலுதான், தடித்த கம்பி, கழுத்தும் நீளம். கச்சேரியில் மற்ற வாத்தியங்களுக்கெல்லாம் அடியில் தும் தும் என்று நெஞ்சுக்குள் விழுமே, அந்தச் சத்தம் இதிலிருந்து வருவது. இந்த நாட்டில் பேர்பெற்ற ஒரு வாத்தியக்காரர், மலாய்க்காரர், வெளிநாடெல்லாம் போய் வாசிக்கிறவர், அவருக்காக என் தம்பி நாலு கிட்டார் செய்துகொடுத்தான். நாலே நாலு. அவற்றைப் போல வேறு யாரிடமும் கிடையாது. நாலிலும் மேல் ஓரத்தில் ஒரு சிவப்பு அடையாளம் இருக்கும். மேலே உருண்டை, அதன் கீழே வால் இழுத்தாற்போல ஒரு கோடு. மரத்துக்குள்ளேயே இருப்பதால் தடவினால் கைக்குத் தட்டாது. அந்த அடையாளத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்ட பிள்ளைகள்கூட இருக்கிறார்களாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், போனில் பார்த்துத்தான். என் கூடப் பிறந்தவன் வாயால் தெரியவில்லை.

ஒருநாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலே போனை நீட்டினாள்.

"அக்கா, ஓங்க தம்பி போன்ல வந்திருக்காரு. பாருங்க, ஹீரோ மாதிரி இருக்காருலா!"

கறுப்புச் சட்டை போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். யாரோ ஒரு பெண் கேள்வி கேட்கிறாள். அந்தச் சிவப்பு அடையாளம் எப்படி வந்தது என்று கேட்டாள். என் தம்பி கொஞ்ச நேரம் மேலே பார்த்தான். பிறகு சொன்னான்: "ஒருநாள் சாயங்காலம் மெலாவத்தி மலையில ஒக்காந்திருந்தேன். சூரியன் கடல்ல எறங்குச்சு. அப்ப மனசுல பட்டுச்சு. அதத்தான் மரத்துல கொண்டுவந்தேன்."

"எவ்வளவு அழகா பேசறாரு" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

"அவன் அந்த மலைக்குப் போனது ஒரே தடவை" என்றேன். "ஏழு வயசுல. கொரங்கு அவன் ரொட்டியப் புடுங்கிட்டுப் போச்சு. அழுதுக்கிட்டே எறங்குனான். சூரியன எங்க பாத்தான்?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.  அப்படி ஒரு கோபம்.

ஏன் கோபம் என்று கேட்பவர்களுக்கு, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவள். பதினாலு வயதில் கத்தி பிடித்தேன். மரம் வெட்டுவது என்றால் பட்டையை மட்டும் சீவ வேண்டும். உள்ளே இருக்கிற மரத்தில் கத்தி படக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் நூல் அளவுதான் இடம். பட்டுவிட்டால் அந்த இடம் புண்ணாகி முடிச்சு விழும். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அந்த மரத்தடியிலேயே நிற்கவைத்து ஏசுவார். என்னை அப்படி நிற்கவைத்தது இரண்டு தடவைதான். அந்த இரண்டும் முதல் மாதத்தில். அதனால் என் விரலுக்கு மரம் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவள்தான், ஆனால் விரல் படித்ததைப் பள்ளிக்கூடத்திலா படிக்கிறோம்?

தோட்டத்தில் ரப்பர் போய், எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை வந்தது. அப்புறம் தோட்டமே போனது. வீட்டுக்காரரும் போன பிறகு, சும்மா இருக்கப் பிடிக்காமல் அசாம் ஜாவாவில் இருக்கிற தம்பி பட்டறைக்குப் போக ஆரம்பித்தேன். அவன் மேசை நாற்காலி செய்துகொண்டிருந்தவன். கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் வாசிப்பான். சொந்த கிட்டார் உடைந்தபோது, கடையில் வாங்காமல் தானே ஒன்று செய்தான். சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிற அவன் கூட்டாளி அதைக் கோலாலம்பூர் கச்சேரிக்கு எடுத்துக்கொண்டு போனான். அங்கேதான் நான் சொன்ன அந்த வாத்தியக்காரப் பெரியவர் அதை எடுத்து வாசித்துப் பார்த்து, இதைச் செய்தவன் யார் என்று கேட்டிருக்கிறார். அப்படி வந்ததுதான் நாலு கிட்டார் வேலை.

மரம், பலாமரம். ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்காரர்கள் குடியிருந்த லயத்தை இடித்தபோது வெட்டிப்போட்டதைத் தம்பி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து, அறுத்து, வருடக்கணக்காக அடுக்கிக் காயவைத்திருந்தான். மஞ்சளாக, நெய் தடவினாற்போல இருக்கும். அறுத்ததும் செதுக்கியதும் அவன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது நான். முரட்டுத் தாளில் தொடங்கி, வரவர மெல்லிய தாளாக, நாலு கிட்டாரின் உடம்பையும் நான்தான் தேய்த்தேன். அவன் விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடுகிற மேட்டை நான் கண்ணை மூடித் தடவியே சொல்லிவிடுவேன். "அக்கா கைக்கு மிஷின் தோத்துடும்" என்று அவனே வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறான். இல்லை என்று சொல்லட்டும் பார்க்கலாம்.

ஆயுதபூசை வந்தது. அன்று முதல் பஸ்ஸில் போய்ப் பட்டறையைக் கழுவிவிட்டேன். தம்பி மாலை வாங்க டவுனுக்குப் போயிருந்தான். ரம்பம், உளி, இழைப்புளி, துளை போடுகிற மிஷின், எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துத் திருநீறு பூசிப் பொட்டு வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், சுவரோரம் அந்த நாலு உடம்பும் சாய்ந்து நிற்கின்றன. கழுத்து இன்னும் மாட்டவில்லை. மறுநாள் வார்னிஷ் அடிக்க வேண்டும் என்று வெறும் மரமாக நின்றன. ஊரில் இருக்கிற இரும்புக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, இத்தனை நாள் மடியில் போட்டுத் தேய்த்ததை விட்டுவிடுவதா?

நெற்றி எங்கே என்று பார்த்தேன். கழுத்து மாட்டுகிற இடத்தில் அதற்கு இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மாட்டுக்கு வைப்பதுபோல மேல் கொம்பின் அடியில் வைத்தேன். தேய்த்த மரத்தில் குங்குமம் ஒட்டாமல் பொடியாக உதிர்ந்தது. விளக்கிலிருந்து இரண்டு சொட்டு நல்லெண்ணெய் எடுத்துக் குழைத்து வைத்தேன். ஒட்டிக்கொண்டது. நாலுக்கும் வைத்தேன். பார்க்க நன்றாக இருந்தது.

வெறும் மரம் எண்ணெயைக் குடிக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் தோன்றவில்லை. அது தப்புத்தான். அன்றைக்கும் தப்பு என்றுதான் சொன்னேன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.

தம்பி வந்தான். கையில் இருந்த மாலை கீழே விழுந்தது.

"என்ன காரியம் பண்ணுன!"

ஓடிப்போய், பெயிண்ட் கரைக்கிற தின்னர் டின்னைத் திறந்து, துணியில் கொட்டி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தான். சிவப்பு போகவில்லை. தின்னரோடு சேர்ந்து மரத்தின் ரேகைக்குள் இறங்கி வாலாக நின்றது. முதல் ஒன்றில் இப்படி ஆனதைப் பார்த்ததும் நிறுத்தியிருக்க வேண்டுமா இல்லையா? அவனுக்குக் கோபம். நாலையும் இழுத்தான்.

அப்புறம் என் பக்கம் திரும்பினான். அவன் பெண்டாட்டி இருந்தாள், பூசைக்கு வந்த வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள்.

"தோட்டத்துப் புத்தி போகவே போகாதாலா ஒனக்கு? எதப் பாத்தாலும் பொட்டு! போ, லோரிக்கு வை, டோய்லட்டுக்கும் வை! இனிமே இந்தப் பட்டறைப் பக்கம் வராத!"

யார் சொல்வது? அவனும் நான் பிறந்த தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். நான் மரத்துக்குப் போகும்போது அவனை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவேன், வந்ததும் முதலில் அவன் மூக்கைத் துடைப்பேன். அந்த மூக்குக்குத் தோட்டத்து வாடை வந்துவிட்டதாம்.

என் தப்புத்தான் என்றேன். சுண்டல்கூட வாயில் போடாமல் பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. அவனும் கூப்பிடவில்லை. தீபாவளிக்கு வருவான், பலகாரம் தின்பான், போவான். கிட்டாரைப் பற்றிப் பேச மாட்டான். நானும் கேட்க மாட்டேன். கேட்க எனக்கு வாய் இல்லை. அவ்வளவு பெரிய மனிதருடைய சாமானைக் கெடுத்துவிட்டேன், தம்பி பேரைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருடத்துக்கு மேல் அப்படி நினைத்தேன். அசாம் ஜாவா வழியாகப் பஸ் போனால் பட்டறை இருக்கிற பக்கம் பார்க்காமல் மறுபக்கம் பார்ப்பேன்.

அந்தப் பெரியவருக்கோ பார்த்த அன்றே அது பிடித்துப்போயிருக்கிறது. உப்புத்தாள் போட்டும் போகாததால், வேறு வழியில்லாமல் வார்னிஷ் அடித்து, மன்னிப்புக் கேட்கத் தயாராகக் கொண்டுபோனானாம், பிற்பாடு அவன் பெண்டாட்டி சொன்னாள். அவர் இதைத்தான் முதலில் தொட்டாராம், இது என்ன என்று கேட்டாராம். அந்த இடத்தில் பிறந்ததுதான் மெலாவத்தி மலைச் சூரியன். ஏச்சு மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது. புகழ் அசாம் ஜாவாவிலேயே இறங்கிக்கொண்டது.

போனில் பார்த்த பிறகும் நான் அவனைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வரட்டும் என்று இருந்தேன். வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு, ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தான்.

"பசியாறியாச்சாக்கா?"

"பன்னெண்டு மணிக்கு என்னடா பசியாற?"

உட்கார்ந்தான். பழத்தை எடுத்து வைத்தான், திரும்பப் பையில் வைத்தான், மறுபடி எடுத்து வைத்தான். கடைசியில் அவன் பெண்டாட்டிதான் ஆரம்பித்தாள். அந்த நாலில் ஒன்று விமானத்தில் போகும்போது உடைந்துபோயிற்றாம். பெரியவர் ஐந்தாவது ஒன்று கேட்கிறாராம். அதே பலாமரம், அதே அடையாளம். இவனும் துண்டுப் பலகைகளில் வைத்து வைத்துப் பார்த்திருக்கிறான். சாயத்தில் வைத்தான், தண்ணீரில் குழைத்து வைத்தான், தூரிகையில் வரைந்தான். படம் எடுத்து அனுப்பினால், இது இல்லை, இது இல்லை என்று அவர் திருப்பி அனுப்புகிறாராம்.

அந்தத் துண்டுப் பலகைகளையும் கொண்டுவந்திருந்தான். பார்த்தேன். வெற்றிலை துப்பினாற்போல இருந்தது.

"அண்ணி" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அன்னைக்கு அந்தக் குங்குமத்த எதுல கொழச்சீங்க? தண்ணியிலயா, பன்னீர்லயா?"

"சூரியன எதுலம்மா கொழப்பாங்க? எனக்குத் தெரியாதே" என்றேன். "ஒம் புருசன் மலையில ஒக்காந்து பாத்தவரு. அவரையே கேளு."

தம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "பாத்துட்டியா அத" என்றான்.

"ஊரே பாத்துச்சு. நான் பாக்கக் கூடாதா?"

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இவன் குங்குமத்தையே தேடிக்கொண்டிருக்கிறான். தான் தின்னர் போட்டு இழுத்ததை அடியோடு மறந்துவிட்டான். ஏசியவன் எதற்கு அதை நினைவில் வைத்திருக்கப் போகிறான்? எனக்கு எந்தத் துணி என்றுகூடத் தெரியும். அவன் பழைய கால்சட்டையைக் கிழித்த துணி.

"நானே வந்து வக்கிறேன்" என்றேன். "அந்த மனுசன் இருக்கறப்ப. ஆனா நீ அவர்கிட்ட சொல்லணும். சூரியன் இல்ல, எங்க அக்கா வச்ச பொட்டுன்னு. ஏசுனேன், தொரத்தி விட்டேன்னு. எல்லாத்தையும் சொல்லணும்."

"சரிக்கா" என்றான். கேட்டு முடிப்பதற்குள் சரி என்றான். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வேனில் வந்து கூட்டிக்கொண்டு போனான். இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டேன். அந்தப் பெரியவர் பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கிளாசில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "மக்சிக்" என்று மரியாதையாகக் கையை நெஞ்சில் வைத்தார். பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல அவர்கள் பேச்சில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மேசைமேல் ஐந்தாவது உடம்பு வெறும் மரமாகப் படுத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். யார் தேய்த்தார்களோ, ஓரத்தில் மேடு இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

தம்பி மலாயில் ஆரம்பித்தான். இது என் அக்கா, முன்பு பட்டறையில் கூட்டிப் பெருக்கி ஒத்தாசையாக இருந்தவர், எங்கள் வழக்கத்தில் மூத்தவர் கையால் வைத்தால் ஆசீர்வாதம், அதனால் நான் சொல்லிக்கொடுத்து இவரை வைக்கச் சொல்கிறேன் என்றான்.

சனிக்கிழமைச் சந்தையில் எட்டு வருடம் மலாய்க்காரப் பெண்களுக்குக் கீரை விற்றவள் நான். எனக்கு மலாய் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னான். பெரிய மனிதர் முன்னால் அக்கா வாயைத் திறக்க மாட்டாள் என்று நினைத்திருக்கிறான்.

நான் திறந்தேன். "ஐயா, நான் இங்கே பெருக்கியவள் இல்லை" என்று மலாயில் சொன்னேன். "உங்கள் நாலு கிட்டாரையும் தேய்த்தவள். அதில் இருப்பது சூரியன் இல்லை. நாங்கள் சாமிக்கு வைக்கிற குங்குமம்."

"அக்கா, பேசாம இரு" என்றான் தம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ பேசு. நான் பேசாம இருக்கேன்" என்றேன்.  நானே முழுவதையும் சொன்னேன். வெறும் மரத்தில் எண்ணெயில் குழைத்து வைத்தது என் தப்பு என்றேன். இவன் ஏசினான், தின்னர் போட்டு இழுத்தான், அந்த வால் அப்படி வந்தது என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அப்படியென்றால் இது யாருடைய வேலை?" என்று கேட்டார்.

"பொட்டு என்னுடையது. வால் அவனுடையது" என்றேன். எனக்கு உரியதற்கு மேல் எனக்கு வேண்டாம்.

அவர் அந்த மரத்தைக் கையால் காட்டினார். வையுங்கள் என்றார். சாமி விளக்கிலிருந்து எண்ணெய் எடுத்துக் குழைத்தேன். கொம்படியில் வைத்தேன். துணியில் தின்னர் ஊற்றித் தம்பி கையில் கொடுத்தேன். "தொடச்சு விடு."

பிள்ளைக்கு வாய் துடைப்பதுபோலத் துடைத்தான். சிவப்பு மேலாக ஈஷிக்கொண்டது. வால் வரவில்லை. பெரியவர் உதட்டைப் பிதுக்கினார்.

"என்னடா, ஒத்தடம் கொடுக்கறியா? அன்னைக்கு இப்பிடியா தொடச்ச?" என்றேன். "டோய்லட்டுக்கும் வைன்னு சொன்னியே, அந்தக் கை எங்க?"

அவன் முகம் சிவந்தது. "ஆமாலா!" என்று கத்தினான். "நீதான் வச்ச! நல்லா இருந்த மரத்துல நீதான் வச்ச! அன்னைக்கும் என் உசுர வாங்குன, இன்னைக்கு இவர் முன்னால வச்சு என் மானத்தையும் வாங்குற!" டின்னோடு தின்னரைத் துணியில் கவிழ்த்து, நான் வைத்த இடத்தில் பதித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு இழுத்தான்.

வந்துவிட்டது. உருண்டை மேலே நிற்க, ரேகை ரேகையாக வால் இறங்கியது. பெரியவர் மேசையைத் தட்டி, இதுதான், இதேதான் என்று எழுந்துவிட்டார்.

"தமிழ்ல சொல்லிட்ட" என்றேன் தம்பியிடம். "அவருக்குப் புரிஞ்சிருக்காது. மலாய்ல சொல்லு."

துணியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான். மரத்தைப் பார்த்தபடியே, மலாயில், "அக்கா வைத்தது. நான் துடைத்தது" என்றான். பெரியவர் என் பக்கம் திரும்பித் தலை குனிந்தார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்னக்கா?"

"ஏசுனது? வராதன்னு தொரத்துனது? அவருக்குப் புடிச்சுப்போச்சுன்னு இத்தன வருசம் எனக்குச் சொல்லாம இருந்தது?"

"அதெல்லாம் நம்ம வீட்டு விசயம்க்கா. அவருக்கு எதுக்கு?"

ஏசியது மட்டும் வீட்டுக்குள்ளேயா நடந்தது? வாடிக்கைக்காரர் எல்லாரும் கேட்கத்தானே ஏசினான். நான் பையை எடுத்துக்கொண்டேன். பெரியவரிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்து, பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். நல்ல வெயில். பின்னால் அவன் வேன் வந்தது. என் பக்கத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தான். அதற்குப் பின்னால் நாலைந்து கார் ஹாரன் அடித்தது.

"ஏறுக்கா. வெயிலு."

நான் நடந்தேன்.

"அதான் மலாய்ல சொல்லிட்டேன்லக்கா!"

"பாதி சொன்ன" என்றேன்.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வீட்டுக் கேட்டுக்கு வெளியே வேனை நிறுத்திக்கொண்டு, பட்டறைக்கு வாக்கா, ஓரத்தில் மேடு இருக்கிறதென்று பெரியவர் சொல்கிறார், வந்து தேய்த்துக்கொடு என்கிறான். மேடு இருக்கும். எனக்கு அன்றைக்கே தெரியும். மீதிப் பாதியைச் சொன்னால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறேன். குடித்துவிட்டுப் போகிறான்.